போரானும் அலுமினியமும்

பெத்துராஜ் அண்ணாச்சி வீட்டு ரெக்கார்ட் பிளேயரின் ஊசி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒடிந்தது. ஒடித்தது வேறு யாருமில்லை, அவர் மனைவி சுப்புலட்சுமிதான். தூசி அடைந்து கிடக்கிறதே என்று சேலைத் தலைப்பால் ஒரு துடைப்பு துடைத்தாள், அவ்வளவுதான். அண்ணாச்சி எலுமிச்சை வியாபாரமாகக் கேரளா போயிருந்தார். அவர் கழற்றுவதைப் பார்த்துப் பழகியிருந்ததால், அவளே ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைத் தலையோடு கழற்றி, டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து மூடி, புளியங்குடியில் பஸ் ஏறிவிட்டாள். மத்தியானத்துக்குள் சங்கரன்கோவிலில் சுகிர்தா வீட்டு மாடியில் நின்றாள்.

சுகிர்தாவுக்கு அதுதான் பிழைப்பு. கார்ட்ரிட்ஜுக்குள் வைர முனையைத் தாங்கி நிற்கும் தண்டு, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அது ஒடிந்தால் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து வேறு தண்டு ஒட்டிக் கொடுப்பாள். சென்னை, கொச்சி, பெங்களூர் என்று கூரியரில் வேலை வரும். உள்ளூரில்தான் யாருக்கும் விளங்கவில்லை. ஊசி மாற்றுகிறவள் என்று யாரோ சொல்ல, தையல் மிஷினைச் சுமந்துகொண்டு படியேறி வந்தவர்கள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ஒரே வாடிக்கை பெத்துராஜ் அண்ணாச்சி.

“இது போரான் தண்டு, மதினி. அலுமினியம்னா துணி பட்டு வளைஞ்சிருக்கும், நிமித்திரலாம். போரானுக்கு வளையத் தெரியாது, பட்டுன்னு ஒடிஞ்சிரும்.”

“அப்ப வேற போரான் வையி.”

“கையில இல்லையே. வெளிநாட்டுல இருந்து வரணும், ரெண்டு மாசம் ஆவும்.”

“அவுக வெள்ளிக்கிழமை வாராகளே!” சுப்புலட்சுமி அழத் தொடங்கினாள்.

அண்ணாச்சி அடிக்கிற ஆளும் இல்லை, திட்டுகிற ஆளும் இல்லை. பேசமாட்டார். போன வருஷம் ஒரு ரெக்கார்டில் கீறல் விழுந்ததற்குப் பதினோரு நாள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத மனுஷனுக்கு மூன்று வேளையும் சோறு போட்டவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

சுகிர்தாவிடம் அலுமினியத் தண்டு இருந்தது. சன்னமான சத்தங்கள் அதில் ஒரு இழை மங்கும், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஒட்டிக் கொடுத்தாள். போரான் வந்ததும், அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிடலாம் என்று பேச்சு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பைபிளைத் தொட்டுச் சத்தியமும் செய்தாள். அண்ணாச்சி கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் அவளுக்குத் துளியும் இல்லை. தன் காதைப் பற்றி அவர் அடித்துக்கொள்ளும் பெருமை எல்லாம் பணக்கார வீம்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பெட்டி நிறைய ரெக்கார்டுகள். மேலே அந்தக் கார்ட்ரிட்ஜ்.

“பூராத்தையும் நீயே வச்சுக்கோ, சுகிர்தா. கீழ கார்ல இன்னும் மூணு பெட்டி கெடக்கு.”

“என்ன அண்ணாச்சி இது?”

“எனக்குக் காது போயிட்டுல்லா.”

சாதாரணமாகத்தான் சொன்னார். நாதஸ்வர ரெக்கார்ட் ஒன்றில் தவிலுக்குப் பின்னால் ஜால்ரா கணீரென்று விழும். கேரளாவிலிருந்து வந்த மறுநாள் கேட்டால் அது மங்கிப்போயிருந்தது. வயரை மாற்றினார். ஸ்பீக்கரை நகர்த்தினார். கடைசியில் திருநெல்வேலிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தார்.

“உங்க வயசுக்கு இது சகஜம்னுட்டாரு. சரிதான்னு நானும் வந்துட்டேன். இப்ப மார்க்கெட்ல ஏலம் கூறுனாக்கூட சரியாத்தான் கேட்டமான்னு சந்தேகம். அதான் நாலு நாளா ஏலத்துக்கே போகல.”

“மதினி என்ன சொல்லுதாக?”

“அவ என்ன சொல்லுவா? நான் சொன்னதுல இருந்து அழுதுக்கிட்டே கெடக்கா. பாவம், எனக்காவத்தான்.”

சுகிர்தா பெட்டிமேல் இருந்த கார்ட்ரிட்ஜைப் பார்த்தாள். போரான் வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். செய்த சத்தியமும் அப்படித்தான் சொல்லிற்று. ஆனால் அதுவரை இந்த மனுஷன் ஒவ்வொரு சத்தத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிய வேண்டும். அவள் கார்ட்ரிட்ஜை எடுத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள்.

“இங்கன வந்து பாருங்க, அண்ணாச்சி. தண்டு என்ன நெறத்துல இருக்கு?”

குனிந்து பார்த்தார். “வெள்ளி மாதிரி பளபளங்கு.”

“போரான் கறுப்பால்லா இருக்கும்.”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சுகிர்தா சேலைத் தலைப்பிலிருந்து சத்தியம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். “அலுமினியம் வச்சது நாந்தான். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். உங்க காதுல ஒரு கொறையும் இல்ல. மதினிய ஒண்ணும் சொல்லிராதீங்க.”

அண்ணாச்சி மெல்ல நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சந்தோஷமா கோபமா என்று சுகிர்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மதினி சொன்ன அந்தப் பதினோரு நாள்தான் அவள் நினைவுக்கு வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

“ஏட்டி, நான் சுகிர்தா வீட்ல இருக்கேன். தண்டைப் பாத்துட்டேன்.”

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சுகிர்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அண்ணாச்சி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாயப் பொத்திக்கிட்டு அழாத, ஏட்டி,” என்றார். “எனக்கு நல்லாக் கேக்கு.”