வேலியோரம் விழும் பந்து

முத்துவேல் அடித்த பந்து மறுபடியும் வானத்துக்குத்தான் போனது. கிளம்பிய வேகத்தைப் பார்த்தால் பக்கத்து ஊரான பெருநகரைத் தாண்டித்தான் விழும் என்று தோன்றும். உச்சிக்குப் போனதும் அதற்கு அலுத்துவிட்டது. நேர்கீழாக இறங்கி, மைதானத்தின் பாதியிலேயே பொத்தென்று விழுந்தது. அடுத்து தானியேல் அடித்தான். அவன் பந்து பனைமர உயரத்தைக்கூடத் தொடவில்லை. போய்க்கொண்டே இருந்தது, விழுந்த பிறகும் உருண்டது, கடைசி வேலியோரம் போய் நின்றது. அங்கே கூடையோடு நின்றிருந்த செவ்வந்தி நாலு எட்டு வைத்து அதை எடுத்துக்கொண்டாள். அவள் முத்துவேலின் பெண்டாட்டி. கட்டின புருஷனின் பந்தைப் பொறுக்கத்தான் அவ்வளவு தூரம் திரும்பி நடந்து வரவேண்டியிருந்தது. அவள் அலுப்போடு நடந்து வருவதைப் பார்க்கப் பார்க்க முத்துவேலுக்கு வயிறு எரிந்தது.

மானாம்பதிக்கு மேற்கே புதர்க்காடாகக் கிடந்த மேட்டை மெட்ராஸ்காரர்கள் வாங்கி, புல் வளர்த்து, கோல்ப் கிரவுண்டு ஆக்கி நாலைந்து வருஷமாகிறது. காலனி ஆண்கள் காரில் வரும் மெம்பர்களுக்குப் பை தூக்கினார்கள். பெண்கள் களை பிடுங்கினார்கள், பந்து பொறுக்கினார்கள். திங்கட்கிழமை மெம்பர்கள் வருவதில்லை என்பதால் அன்று பை தூக்குகிறவர்களும் அடித்துப் பார்க்கலாம். பந்து மாறிப்போகாமலிருக்க ஆளுக்கொரு நிறத்தில் பொட்டு வைத்துக்கொள்வார்கள். தானியேலுக்கு நீலம். முத்துவேலுக்குச் சிவப்பு, செவ்வந்தியின் நகப்பூச்சு.

இத்தனை நாள் இது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. பயிற்சி கொடுப்பவருக்கு உதவியாள் வேண்டும், நிரந்தர வேலை, சட்டையில் பெயர் தைத்துத் தருவோம் என்று மேனேஜர் சொன்ன அன்றுதான் விளையாட்டு போய் வினை வந்தது. மெம்பர்களுக்கு அடித்துக் காட்டத் தெரிந்தவன்தான் வேண்டுமாம். தானியேல், முத்துவேல் இருவரில் வருகிற திங்கட்கிழமை யார் பந்து தூரம் போகிறதோ அவனுக்கு வேலை. ஆளுக்கு ஒரே பந்து.

முதலில் முத்துவேல் பழியைப் பந்தடிக்கும் கட்டையின் மேல் போட்டான். தானியேலுக்கு ஒரு மெம்பர், தூர அடிக்கவென்றே இருக்கிற நல்ல டிரைவர் கட்டை கொடுத்திருந்தார், அதுதான் அந்தப் பந்தை அப்படிக் கொண்டுபோகிறது என்று நம்பினான். தானியேல் அதையே எடுத்து நீட்டி, "அடிச்சிப் பாரு மச்சான்" என்றான். அதில் அடித்தும் பந்து வானத்துக்குத்தான் போனது. அன்று முழுக்க முத்துவேலுக்குச் சோறு இறங்கவில்லை. தானியேல் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பான். பாவி நல்லவனாக இருந்து தொலைத்தான். அவன் சைக்கிள் மணி சத்தம்கூட முத்துவேலுக்குப் பிடிக்காமல் போனது. செவ்வந்தி அவனை "அண்ணே" என்று கூப்பிடுவதில் தப்பாக ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் தனக்கு வரவேண்டியது என்று முத்துவேல் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செவ்வந்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேச்செடுத்தாள்.

"நீ பின்கால்லயே நின்னுகினு அடிக்கிறய்யா. அதான் மேல போவுது."

"இன்னாடி சொல்ற?"

"நம்ம வூட்டுப் பின்னால அடிச்சிப் பழகினது இல்ல? அங்க தாழ அடிச்சா பந்து கருவ முள்ளுல பூந்துக்கும். அதுக்கு பயந்து பின்னால சாஞ்சி தூக்கித் தூக்கி வுட்ட. கிரவுண்டுல ஏது முள்ளு? பந்து வெக்கிற டீ ஆணிய நல்லா கீழ அமுக்கு. அடிச்சி முடிக்கிறப்ப உடம்பு முன்காலுக்கு வந்துடணும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனம் எதிருக்க நின்னு பாத்துக்கினுதான கீறன்?" கீரையிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்.

முத்துவேலுக்கு உள்ளே குளிர்ந்தது. தானியேலின் பந்துக்குப் பக்கத்தில் நின்றபோதெல்லாம் அவள் பார்த்தது தன் காலைத்தான்! மறுநாளும் அதற்கு மறுநாளும் வீட்டுக்குப் பின்னால் பந்தில்லாமலே கட்டையை வீசிப் பழகினான். முன்காலில் உடம்பு வந்து நின்றபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா விஷயம்!

திங்கட்கிழமை காலை மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செவ்வந்தி கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து, எந்தப் பந்து தூரமோ அதன் பக்கத்தில் நடச் சொல்லி அனுப்பினார்கள். தானியேல் அடித்தான். வழக்கம்போல வேலியோரம்.

முத்துவேல் டீயை மண்ணில் வைத்து அமுக்கினான். இன்னும் கொஞ்சம் அமுக்கினான். பின்னாலிருந்து தானியேல் மெதுவாகச் சொன்னான்.

"அப்டித்தான் மச்சான். செவ்வந்திகிட்ட சொல்லி அனுப்பனது நல்லதாப் போச்சு. நான் சொன்னா நீ காது குடுத்திருக்க மாட்ட."

முத்துவேலின் விரல்கள் டீயின் மேலேயே நின்றுவிட்டன. அப்படியானால் அவள் பார்க்கவில்லை. இவன்தான் பார்த்திருக்கிறான், இவன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான், இரண்டு பேரும் அவனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். டீயை மறுபடி உயரத் தூக்கிவிடலாமா என்றிருந்தது. வானத்துக்கே போகட்டும், அந்த அடியாவது தன் சொந்தம்.

"உம், அடிப்பா" என்றார் மேனேஜர்.

கட்டையை ஓங்கினான். கோபத்தில் அவன் எதையும் நினைக்கவில்லை. இரண்டு நாள் பழகிய உடம்பு தானாக முன்காலுக்கு வந்து நின்றது. பந்து தாழப் பறந்தது. அவன் பந்து எங்கே விழும் என்று தெரிந்தவளாகச் செவ்வந்தி பாதி மைதானத்தில் ஓரமாக நின்றிருந்தாள். பந்து அவளைக் கடந்து போனது. அவள் திரும்பிக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியை நோக்கி ஓடினாள்.

வேலியோரம் இப்போது இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. எது முன்னால், எது பின்னால் என்று இங்கிருந்து தெரியவில்லை. பொட்டின் நிறம் அவளுக்குத்தான் தெரியும். தானியேல் கழுத்தை நீட்டி, "உன்துதான் மச்சான், உன்துதான்" என்றான். முத்துவேல் அவள் கையிலிருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிவப்பில் நட்டால் அது பாவப்பட்டு நட்டதாக இருக்கும். நீலத்தில் நட்டால் அது அந்த "அண்ணே"வுக்காக நட்டதாக இருக்கும். இனி எதை அவள் உண்மையாகச் சொன்னாலும் தன்னால் நம்ப முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வந்தி குனிந்து ஒரு பந்தைப் பார்த்தாள். நகர்ந்து போய் இன்னொன்றைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடியைக் கையிலேயே வைத்தபடி, இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தது தன்னையா, பக்கத்தில் நின்றவனையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து முத்துவேலுக்குத் தெரியவில்லை.