நீலத் திட்டு

இருபத்தேழு நாள் மூடிக்கிடந்த ரேடியோ தொலைநோக்கியை அன்றுதான் மறுபடி ஓடவிட்டார்கள். திரையில் சூரியன் முழு வட்டமாக விழுந்ததும், அதைக் கண்காணிக்கிற வேலையிலிருந்த அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். நட்டநடுவில் அதே நீலத் திட்டு. சுற்றிலும் இருப்பதைவிடச் சூடு குறைந்த இடம். குளிர் என்றால் ஸ்வெட்டர் போடுகிற குளிர் இல்லை. ஆளைப் பொசுக்க அது தாராளமாகப் போதும்.

மூடுவதற்கு முன் கடைசியாக ஓட்டிய அன்றைக்கும் அது அங்கேயேதான் இருந்தது. உச்சியில் அலையைப் பிடிக்கிற ரிசீவரில்தான் கோளாறு என்று அவள் அடித்துச் சொன்னாள். மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சூரியனுக்கே ஜலதோஷமாம்மா? இரு, மூக்கைத் துடைச்சுவிட்டு வரேன்."

ஏணியில் ஏறியவர் உச்சியிலிருந்து விழுந்து செத்தார்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. சந்தேகத் திட்டைக் கண்டால் ஒரு நாள் பொறுக்க வேண்டும். சூரியன் இருபத்தேழு நாளுக்கு ஒரு சுற்றுச் சுழல்கிறது, மறுநாள் திட்டு மேற்கே நகர்ந்திருந்தால் அது சூரியனுடையது, நகராவிட்டால் கருவியுடையது. அவளோ சுத்தமான படத்தோடு அன்றே அறிக்கை அனுப்பிப் பெயர் வாங்கக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்று, அவரை அப்போதே ஏறச் சொன்னாள்.

மெக்கானிக் தானே சரியாக முடுக்காமல் விட்ட ரிசீவரைச் சரிசெய்யப் போய் விழுந்தார் என்று விசாரணையில் எழுதினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

தொலைநோக்கி மறுபடி ஓடிய அன்று மதியம் அவருடைய லாக்கரைக் காலிசெய்ய அவர் மனைவி, அண்ணி, வந்தாள். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு பழைய சட்டை, அவ்வளவுதான்.

"வீட்டுக் குழாயையே என்னால திறக்க முடியாத மாதிரி முடுக்கி வெச்சிருக்கார். இவரா அரைகுறையா விட்டிருப்பார்? நீ கூடவே இருந்தியே, சொல்லும்மா."

"நாளைக்குச் சொல்றேன் அண்ணி."

"நாளைக்கு என்ன இருக்கு?"

அவள் டப்பாவைச் சட்டையில் சுற்றி அண்ணியிடம் கொடுத்தாள்.

திட்டு நகரக்கூடாது என்று அன்று அவள் வேண்டாத தெய்வமில்லை. கோளாறு ரிசீவரில் என்றால் அவள் தப்பித்தாள். பழி செத்தவரோடு போகும். மறுநாள் திரையைப் பார்த்தாள். ஸ்கேலை வைத்து இரண்டு முறை அளந்தாள். திட்டு மேற்கே ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. மூக்கைத் துடைச்சுவிட்டு வரேன் என்ற குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

அவள் போனை எடுத்தாள்.

"அண்ணி, ரிசீவர்ல கோளாறே இல்ல. அன்னிக்கும் இல்ல. அண்ணன் எதையும் அரைகுறையா விடல. நான்தான் ஒரு நாள் பொறுக்காம அவரை ஏத்திவிட்டேன். எழுதியும் கொடுத்துடறேன்."



"நேத்து சாயங்காலம் ஆளைக் கூப்பிட்டு அந்தக் குழாயை லூசாக்கிட்டேன்மா," என்றாள் அண்ணி. "இப்ப சொட்டிட்டே இருக்கு."

அவள் போனை வைக்கவில்லை. சொட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்டது.