சண்முகராசா ஓடிய முப்பத்தொரு கிலோமீற்றர்

சண்முகராசா தன் ஆயுளில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவர் அல்ல. ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று நிற்கிற பிறவி. அப்படிப்பட்ட மனிதர் சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கில் முப்பத்தொரு கிலோமீற்றர் ஓடிப் பதக்கம் வாங்கினார் என்பதை லண்டன் வெம்பிளியில் பாதிச் சனம் நம்பியது. மீதிப் பாதி இன்னும் அவருடைய கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஓடியது அவருடைய மனைவி கலாவதி. கதை சொல்கிற மனிதருக்கு மூன்றடி தள்ளி, காசு வாங்கும் மேசையில் நின்று அவள் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

பதக்கத்தைக் கடைச் சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவர் சண்முகராசாதான். இரண்டு வருஷத்துக்கு முன், கடை திறந்த அன்று, மனைவியை நினைத்துப் பெருமைப்பட்டுத்தான் மாட்டினார். அதை மறுக்கக் கூடாது. வினை பிறகுதான் வந்தது. 2009 வைகாசியில் ஊரில் சண்டையும் எல்லாமும் முடிந்துபோன பின், கடைக்கு வருகிற சனத்துக்குப் பேச வாய் வரவில்லை. போரை நிறுத்தச் சொல்லிச் சித்திரை முழுக்கப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றவர்கள், இப்போது அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து சும்மா நின்றார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர் யாக்கோப்பு. தபால் பிரிக்கிற வேலை அவருக்கு. ஒருநாள் பதக்கத்தைப் பார்த்து, அண்ணை ஓடினனீங்களோ என்று கேட்டார். சண்முகராசா ஓம் என்றுவிட்டார். வேறு எதையாவது பேசக் கிடைத்ததே என்ற நிம்மதியில் வந்த ஓம் அது. மூன்று கிழமைக்குப் பிறகு யாக்கோப்பு அன்றுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கலாவதியும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனி முடிவதற்குள் அந்த ஓமுக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாயிற்று. மழையில் வழுக்கும் வேர்கள், பாதையில் குறுக்கே படுத்திருந்த மாடு, பதினெட்டாவது கிலோமீற்றரில் சூப் ஊற்றிக் கொடுத்த தீயணைப்புக்காரர்கள். எல்லாம் கலாவதி ஒரு காலத்தில் அவருக்குச் சொன்னவை. அப்போதெல்லாம் அவர் தொலைக்காட்சியில் கண்ணை வைத்துக்கொண்டு ம், ம் என்றுதான் கேட்டார். ஒன்றுவிடாமல் மனதில் வைத்திருக்கிறாரே என்பதே அவளுக்கு ஆச்சரியம்.

அவள் ஓடக் காரணமே வேறு. அந்தப் பள்ளத்தாக்கில் சண்முகராசா கீழே ஒரு ஹோட்டலில் சமையல். கலாவதி மேலே இன்னொரு ஹோட்டலில் அறை துப்புரவு. அங்கே பாலர் பள்ளிப் பிள்ளைகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாய்மார் வீட்டில்தான் இருப்பார்கள் என்பது அந்த நாட்டின் எண்ணம். பன்னிரண்டுக்கு இரண்டு மகள்மாரும் கதவடியில் நிற்பார்கள். பஸ் கீழே வந்து சேரப் பன்னிரண்டரை ஆகும். அதனால் அவள் காட்டுப் பாதையால் ஓடி இறங்கினாள். சோறு கொடுத்துவிட்டு ஒன்றரைக்குத் திரும்ப ஏறினாள். இப்படி ஐந்து வருஷம். மஞ்சள் கைகாட்டியில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்த பாதை அவளுக்கு இருபத்திரண்டு நிமிஷம். இதைக் கவனித்த ஹோட்டல்காரிதான் 2006இல் பள்ளத்தாக்கு ஓட்டத்துக்கு அவள் பெயரைக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தார்கள். வந்த மாதத்தில் ஒரு காலை பூங்காவில் ஓடினாள். அவள் வீடு திரும்புவதற்குள் மூன்று பேர் சண்முகராசாவுக்குப் போன் எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஏதும் பிரச்சினையோ, கலாவதி எங்கேயோ ஓடுகிறாவே என்று. அதோடு சப்பாத்து அலுமாரிக்குள் போனது.

கால்களுக்கு மட்டும் அந்த நியாயம் ஏறவில்லை. இறங்கும்போது முழங்கால் கெஞ்சும் என்று சண்முகராசா சொன்னால், மேசைக்குப் பின்னால் அவளுடைய முழங்கால் கெஞ்சியது. நிற்க முடியாமல், அடுக்கிய பருப்புப் பைகளையே திரும்ப அடுக்கினாள். கடைக்கும் பின்னறைக்கும் காரணமில்லாமல் நடந்தாள். கோபம்தான். அதைவிடப் பொறாமை. தன்னுடைய ஓட்டத்தை இன்னொருவர் ஓடிக்கொண்டிருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் கட்டியவரின் மானம் போகும், திறக்காவிட்டால் அந்த நாள் கடைசிவரை அவளுடையதாக இருக்காது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் ராம்கி வந்தான். கோயம்புத்தூர்க்காரன், ஆஸ்பத்திரியில் டொக்டர், மரதன் ஓடுகிறவன். சண்முகராசாவின் கதையைக் கேட்டுக் கேட்டு அதே ஓட்டத்துக்குப் பதிந்தே விட்டான். போட்டிக்கு ஒரு கிழமை முந்தியே இரண்டு நண்பர்களோடு போய், பாதை முழுவதையும் தாங்களாக ஒருமுறை ஓடிப் பார்ப்பதாகத் திட்டம். அரிசி மூட்டைகளின் மேல் வரைபடத்தை விரித்தான். அணையைத் தாண்டியதும் பாதை பெரிதாகச் சுற்றுகிறதே, அண்ணா அதில் எப்படிப் போனீர்கள் என்று கேட்டான்.

"ஏன் சுத்துவான்? அதிலை ஆறு வத்திக் கிடக்கும், வெறும் கல்லுத்தான். நேரே இறங்கி மற்றப் பக்கம் ஏறுங்கோ. ரெண்டு கிலோமீற்றர் மிச்சம்."

இது முழுப் பொய்யும் இல்லை. கூட்டாளிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லில் குந்தியிருந்து கோழி வாட்டித் தின்றவர் அவர். அந்த அறிவில் சொன்னார்.

கலாவதியின் கை தராசிலேயே நின்றுவிட்டது. அது மின்சார அணை. மேலே கதவைத் திறந்தால், நல்ல வெயில் நாளிலும் ஐந்து நிமிஷத்தில் ஆறு நிரம்பும். கரையில் மஞ்சள் பலகையில், அலைக்கு முன்னால் ஓடுகிற மனிதனின் படமே போட்டிருக்கும். ஒரு மத்தியானம் பிள்ளைகளுக்காக ஓடி இறங்குகையில் அவள் அந்த ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கீழே காய்ந்த கல். மறுகரையில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டி நிமிர்ந்தபோது, கல் ஒன்றும் தெரியவில்லை. மண்ணிறத் தண்ணீர் மரங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

"அதிலை இறங்காதேங்கோ. சுத்தித்தான் போகவேணும்" என்றாள்.

ராம்கி திரும்பிப் பார்த்தான். சண்முகராசா சிரித்தார். பொம்பிளையளுக்கு எதைக் கண்டாலும் பயம், நீர் கத்தரிக்காயைப் பாரும் என்றார். ராம்கியும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, பேனையை எடுத்து ஆற்றின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டான்.

அந்தக் கோட்டைக் கண்டதும் அவளுக்கு மானமும் இல்லை, மரியாதையும் இல்லை. மேசைக்கு வெளியே வந்தாள்.

"இவர் ஓடேல்லை. நான்தான் ஓடினனான். அந்தப் பதக்கம் என்ரை. நீங்கள் அந்த ஆத்துக்கை இறங்கினால் திரும்பி வரமாட்டியள்."

சாமான் வாங்க வந்திருந்த யாக்கோப்பு முருங்கைக்காய்க் கட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். ராம்கி ஒருமுறை சண்முகராசாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். பிறகு அவன் வரைபடத்தைக் கலாவதியின் பக்கமாகத் திருப்பி வைத்து, "சொல்லுங்கக்கா" என்றான்.

அரை மணி நேரம் சொன்னாள். எந்த இடத்தில் நடக்க வேண்டும், எந்த ஊற்றில் குடிக்கலாம், எந்த இறக்கத்தில் கையை விரித்துக்கொண்டு விட்டுவிடலாம் என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. ராம்கி போகும்போது, தான் போட்ட கோட்டைக் கிறுக்கி அழித்துவிட்டுப் போனான். யாக்கோப்பு பாதியிலேயே நழுவிவிட்டார். பொழுது படுவதற்குள் வெம்பிளி முழுக்கத் தெரிந்துவிடும்.

கடை வெறிச்சோடிப்போனது. சண்முகராசா கவிழ்த்த பெட்டியில் குந்திக்கொண்டு, நாளைக்கு எந்த முகத்தோடு கடையில் நிற்பது என்று கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க அவளுக்கு மனமில்லை. இத்தனை நாளும் ஏன் பேசாமல் நின்றனீர் என்றார் பிறகு.

"நீங்கள் சொல்லேக்கை நல்லாயிருந்தது. நான் ஓடினதை வேறை ஆரும் அப்பிடிச் சொல்லேல்லை."

அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியென்றால் கதையில் பிழை இல்லைத்தானே என்று பிடித்துக்கொண்டார். கடைசி ஏற்றத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் நினைத்து நினைத்துத்தான் ஏறினேன் என்று அவர் சொல்கிற இடத்தில் சனம் கண் கலங்குமாம். அதென்றாலும் சரிதானே என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு அன்றைக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"இல்லை" என்றாள் கலாவதி. "பிள்ளையளை நினைக்கேல்லை. உங்களையும் நினைக்கேல்லை. ஒருத்தரையும் நினைக்கேல்லை. கலியாணம் கட்டினதுக்குப் பிறகு அந்தக் கடைசி ஏத்தத்திலை ஒரு மணித்தியாலந்தான் நான் அப்பிடி இருந்தனான். அதுக்குத்தான் இந்த முறை நானும் அந்த ஓட்டத்துக்குப் போகப்போறன்."

சண்முகராசா பெட்டியை விட்டு எழுந்து கடைக் கதவைச் சாத்தப் போனார். இந்தப் பகுதியை இனி எந்த வாடிக்கையாளருக்கும் சொல்ல முடியாது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.