பெரிய சனிக்கிழமை அடக்கம்

கண்ணாடி மூடியில் படிந்த ஈரத்தை அல்போன்சா துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கப் படிந்தது. ஐஸ் பெட்டிக்குள் அவள் அப்பா பர்னபாஸ் வெள்ளை வேட்டி சட்டையில், விரல்களில் செபமாலை சுற்றிப் படுத்திருந்தார். நேற்று பெரிய வெள்ளிக்கிழமை. கோவிலில் இயேசுவின் பாடுகளின் வாசிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், வீட்டுக் கட்டிலில் அவர் மூச்சு நின்றது.

"அம்மா, தாத்தா மூச்சு விடுதாங்க."

ஜெர்லினுக்கு ஏழு வயது. விடிந்ததிலிருந்து பெட்டியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க?"

"இந்தா, கண்ணாடில. நான் ஊதுனாலும் இப்படித்தான வரும்."

அல்போன்சா மகளின் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தாள். "விரல் நனஞ்சுதா? அப்ப ஈரம் எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிய."

"தாத்தா மூச்சுன்னா உள்பக்கம்லா இருக்கணும். கடல்காத்துல எப்பவும் தண்ணி இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. குளுந்த கண்ணாடில வந்து பட்டதும் துளியாயிடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து பாட்டில் எடுத்து வச்சா வேர்க்குதுல்லா, அதே மாதிரி."

விளக்கிச் சொன்னால் ஜெர்லின் ஒத்துக்கொள்கிற பிள்ளை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப இன்னைக்கு இல்ல. நாளைக்குத்தான். வெள்ளி, சனி, ஞாயிறு. மூணாம் நாள்."

துண்டு அல்போன்சாவின் கையில் அப்படியே நின்றது.

"தாத்தா நாளைக்கு எழும்ப மாட்டாங்க தங்கம். நாம எல்லாரும் கடைசி நாள்லதான் எழும்புவோம்."

"சேசு எழும்புனத நம்பாத தோமையார் மாதிரி பேசாதீங்கம்மா," என்றாள் ஜெர்லின், கோபமில்லாமல்.

மறைக்கல்வி வகுப்பில் அவளுக்குத்தான் முதல் பரிசு. இயேசு இறந்த அதே கிழமை, அதே நேரம். வீட்டில் அடைத்த பெட்டி. மூன்றாம் நாள் ஈஸ்டர். ஏழு வயதில் இதை எப்படிக் கூட்டினாலும் ஒரே விடைதான் வரும். நாளைக் காலை மகள் புதுக் கவுனோடு இந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பதை அல்போன்சா நினைத்துப் பார்த்தாள். காலை போகும், மத்தியானம் போகும். பெட்டிக்குள் எதுவும் அசையாது.

துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் பங்குச் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது வாசல் பந்தலில் அவள் சித்தப்பா ஹென்றி டீ குடித்துக்கொண்டிருந்தார். இறந்தவருக்கு ஒரே தம்பி.

"அடக்கம் இன்னைக்குச் சாயங்காலம், சித்தப்பா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமன்னு நேத்தே பேசியாச்சுல்லா?"

பேசியதற்குக் காரணம் இருந்தது. பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது கோவில் மணிகளெல்லாம் சேர்ந்து ஒலிக்கும். அதன்பின் சனிக்கிழமை இரவு மறுபடி அந்தப் பாட்டு வரும்வரை மணி எதற்கும் அசையாது, சாவுக்கும்கூட. இடையில் அடக்கப் பூசை கிடையாது. ஈஸ்டர் ஞாயிறு அன்றும் கிடையாது. மணியும் பூசையும் வேண்டுமென்றால் திங்கள் வரை பெட்டியில் வைக்க வேண்டும். செபம் மட்டும் போதுமென்றால் இன்றே அடக்கலாம்.

"மணி இல்லாம, பூசை இல்லாம எங்க அண்ணனத் தூக்கணுமோ? அவன் என்ன கரையில ஒதுங்குன அனாதப் பொணமா?"

"சாமியார்ட்டக் கேட்டுட்டேன். சாயங்காலம் செபத்துக்கு வாராங்க. திங்கக்கிழம பூசை வச்சுக்கிடலாம்."

"எல்லாம் முடிச்சிட்டுத்தான் வந்து சொல்லுதியா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து சித்தி ஜெயஷீலா கழுத்தை நீட்டினாள். "ஏளா, ஈஸ்டருக்குப் பலகாரம் சுடணும்னு அவசரமோ?"

"ஆமா சித்தி. மொதத் தட்டு ஒங்களுக்குத்தான்."

பந்தலில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"காரணத்தச் சொல்லு," என்றார் ஹென்றி.

பந்தலில் வைத்துச் சொல்ல முடியாது. சொன்னால் பாதிப்பேர் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள். மீதிப்பேர் கட்டிப்பிடித்து அழுவார்கள். இரண்டும் வேண்டாம்.

"உள்ள வாங்க, சித்தப்பா."

ஸ்டூலின் பக்கத்தில் தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது. ஹென்றி குனிந்தார். "தின்னு தாயீ."

"நாளைக்குத் தாத்தாகூடத் திங்கேன்."

"யார்கூட?"

"நாளைக்கு மூணாம் நாள்லா. சேசு எழும்பி வந்ததும் மீனுதான் தின்னாங்க. நீங்க வெள்ளனே போயி தாத்தாக்குச் சீலா மீன் வாங்கிட்டு வந்துருங்க. துண்டா இல்ல, முழுசா."

பெட்டியின் மோட்டார் ஒருமுறை நின்று, மறுபடி ஓடியது. ஹென்றி அண்ணன் முகத்தையும் பிள்ளை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெர்லினின் தலையில் கையை வைத்துவிட்டு, அல்போன்சாவைப் பார்க்காமல் வெளியே போனார். பந்தலில் அவர் குரல் கேட்டது.

"செல்லப்பாண்டி, குழிக்கு ஆள் அனுப்பு. இன்னைக்குத்தாம்லே. ஆமா, இன்னைக்கேதான்."

சாயங்காலம் ஊர்வலத்தின் முன்னால் அல்போன்சாவின் மூத்தவன் ஆன்றோ மரமணியோடு நடந்தான். மணி அசையாத நாட்களில் கோவிலுக்கு ஆள் கூப்பிடுவது அதுதான்; கைப்பிடி வைத்த ஒரு பலகை. நடுவில் ஒரு மரச் சுத்தியல் கீலில் ஆடும். பலகையை அசைத்தால் சுத்தியல் இரண்டு பக்கமும் மாறி மாறி விழும். திரேஸ்புரம் தெருக்களில் அந்தக் கட்டைச் சத்தத்தைக் கேட்டவர்கள் கோவிலில் ஏதோ வழிபாடு என்று வெளியே வந்து, சவப்பெட்டியைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் சேர்ந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்துக் கூடுகிற கூட்டத்துக்குக் குறைவில்லை. ஹென்றி ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

செபம் முடிந்து பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். ஜெர்லினின் முறை வந்தது. அவள் மண்ணை அள்ளினாள், குழியில் போடவில்லை. ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"போடு தங்கம்," என்றாள் அல்போன்சா.

"வேண்டாம்மா. வெளிய வரும்போது கனக்கும்."

"தாத்தாவப் பொதச்சாச்சு, ஜெர்லின்."

"சேசுவயும் கல்லறைலதான வச்சாங்க?" மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. "வீட்ல வச்சிருந்தாத்தான் தப்பு. இப்பத்தான் எல்லாம் சரியா வந்திருக்கு."

அல்போன்சாவின் கையிலும் மண் இருந்தது. சித்தப்பாவோடும் சித்தியோடும் பந்தல் முழுவதோடும் மல்லுக்கட்டி அவள் கொண்டுவந்து சேர்த்த இடம் இதுதான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் மண்ணைக் குழிக்குள் போட்டாள். பிறகு மகளின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"நாளைக்குக் காலைல வருவோம். நீயும் நானும்."

"சாவு வீட்டுப் பிள்ள நாளைக்கு ஊர் சுத்தணுமாக்கும்," என்றாள் ஜெயஷீலா.

"புதுக் கவுன் போட்டுக்கிட்டுத்தான் வருவா, சித்தி."

மறுநாள் காலைப் பூசை முடிந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஜெர்லின் மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. அதிலிருந்து தாத்தாவின் செருப்பை எடுத்து, புது மண்மேட்டின் கால்மாட்டில், வாசலைப் பார்த்து வைத்தாள்.

"வெறுங்காலோட எப்படி வருவாங்க? மண்ணு சுடும்லா."

அல்போன்சா பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்து பிள்ளைக்கும் இடம் விட்டாள். மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்கள் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, மண்மேட்டைப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். நேற்றைய மாலைகள் சுருங்கத் தொடங்கின. வெயில் சிலுவை மேல் ஏறியது. ஜெர்லின் ஒருமுறை எழுந்துபோய்ச் செருப்பை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். நிழலும் நகர்ந்துவிட்டது.

"அம்மா."

"ம்."

"பசிக்கி."

அல்போன்சா எழுந்து மகளின் கவுனில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். ஜெர்லின் மண்மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து ஒரு செருப்பை எடுத்துக்கொண்டாள்.

மற்றதை அல்போன்சா எடுத்தாள்.