சளி வாங்கப் போனவள்

கமருன்னிஸாவின் கடைக்குட்டி ஆசியா கடித்துக்கொண்டிருந்த பிஸ்கட் கைதவறி ஆட்டுப்புழுக்கைகளுக்கு நடுவே விழுந்தது. குட்டி ஆடு ஒன்று வந்து நக்கிப் பார்த்தது. ஆசியா அதன் வாயிலிருந்து பிடுங்கி மீதியைத் தின்றாள். ஐந்தடி தள்ளி உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெற்ற தாயோ, "ஆட்டுக்கும் ஒரு வாய் குடு புள்ள" என்றாள். பார்த்துக்கொண்டிருந்த சாஜிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷார்ஜாவில் எட்டு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் குத்தாலம் திரும்பியிருந்தாள் சாஜிதா. கணவன் யூனுஸ் இன்னும் அங்கேதான். கமருன்னிஸா யூனுஸின் அண்ணன் மனைவி, சாஜிதாவுக்கு லாத்தா. அடுத்த தெரு, ஐந்து பிள்ளைகள், ஏழு ஆடுகள். எந்த மாதம் போனாலும் அந்த வீட்டில் ஒரு மூக்காவது ஒழுகிக்கொண்டிருக்கும். கமருன்னிஸா அதை முந்தானையால் துடைப்பாள், அதே முந்தானையால் டம்ளரையும் துடைத்து டீ ஊற்றுவாள். அதனால் சாஜிதா தனக்கென்று மூடி போட்ட நீலக் கோப்பை ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தாள். அதில் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது. கமருன்னிஸா அதற்கும் முகம் சுளிக்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. டெட்டால் தண்ணீரில் குளிப்பாட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்து, ஏசி அறையில் பொத்திப் பொத்தி வளர்த்த சாஜிதாவின் மகன் பாசித்துக்குத்தான் மேலெல்லாம் கரப்பான். முட்டை ஆகாது, இறால் ஆகாது, பனி விழுந்தால் இழுப்பு. ஆறு வயதுப் பையன் தூக்கத்திலேயே முழங்கை மடிப்பைச் சொறிவான். காலையில் தலையணை உறையில் ரத்தம் இருக்கும்.

மாயவரத்தில் டாக்டர் மங்களாம்பிகையிடம் இதைச் சொல்லி அழுதாள்.

"ஆடு மாடு, நாலஞ்சு பிள்ளைங்கன்னு வளர்ற குழந்தைங்களுக்கு இந்த அலர்ஜியெல்லாம் கொஞ்சம் கம்மியா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க" என்றார் டாக்டர். "ஆனா இன்னும் முழுசா புரியல. நீங்களா எதையும் செய்யாதீங்க."

முதல் பாதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. மறுபாதி பஸ் ஏறுவதற்குள் காணாமல் போயிற்று. பாசித்துக்கு வந்தது வந்துவிட்டது. மடியில் இரண்டு மாதக் குழந்தை ஷமீரா இருந்தாள். இவளையாவது காப்பாற்றிவிட வேண்டும்.

மறுநாளிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் கமருன்னிஸா வீட்டுக்குப் போனாள். பிள்ளைகள் ஒழுகும் மூக்கோடு ஷமீராவைக் கொஞ்சின, ஆட்டைத் தடவிய கையால் கன்னத்தைக் கிள்ளின. சாஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். குழந்தையை மட்டும் கழுவவில்லை.

கமருன்னிஸாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் ஞாபகமறதியாகத் தன் டம்ளரிலேயே டீயை நீட்டிவிட்டாள். காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று சாஜிதா மூச்சைப் பிடித்துக் குடித்துவைத்தாள். அன்றைக்கே நீலக் கோப்பை பரணுக்குப் போயிற்று. "சாஜிதா இப்ப நம்ம வூட்டுப் புள்ளயா ஆயிடுச்சு" என்று கமருன்னிஸா தெரு முழுக்கச் சொன்னாள்.

ஐப்பசி அடைமழையில் ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் இருமல் கண்டது. கமருன்னிஸா வாசலிலேயே மறித்தாள்.

"இன்னைக்கு உள்ள வராத சாஜிதா. எல்லாத்துக்கும் சளி. பச்சப்புள்ளைக்கு ஆகாது. ஒரு வாரம் போவட்டும், நானே வந்து பாக்குறேன்."

"பரவால்ல லாத்தா" என்று சாஜிதா அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள். ஒருமுறை சளி வந்துபோனால் உடம்பு பழகிக்கொள்ளும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். இருமிக்கொண்டிருந்த ஆசியாவின் மடியில் குழந்தையைக் கிடத்தினாள். ஆசியா அதன் வாயிலேயே முத்தம் வைத்தாள். சாஜிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஷமீரா பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்க இழுக்க விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. டாக்ஸி பிடித்து மாயவரத்துக்கு ஓடினாள். குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாயை ஒட்டிவிட்டு, வீட்டில் யாருக்காவது சளியா என்று டாக்டர் கேட்டார்.

"நீங்கதான டாக்டர் சொன்னீங்க, அப்படி வளந்தா அலர்ஜி வராதுன்னு? அதான் சளின்னு தெரிஞ்சே தூக்கிட்டுப் போனேன். அந்த வூட்டு அசிங்கத்தையெல்லாம் எம்புள்ளைக்காக சகிச்சுக்கிட்டு..."

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. "ஆடு, பிள்ளைங்கன்னு சொன்னேன். இருமுற வாயில கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னேனா? இந்த வயசுல நெஞ்சுல இப்படிச் சளி தாக்குன குழந்தைங்களுக்குத்தான் பின்னாடி இழுப்பு வர்ற வாய்ப்பு கூடுதல். வரும்னு சொல்லல. வராதுன்னும் என்னால சொல்ல முடியாது."

சாஜிதா திரும்பினாள். கதவருகே கஞ்சித்தூக்கோடு கமருன்னிஸா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகமே சொன்னது. தூக்கை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள்.

சாஜிதாவுக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எந்த வீட்டை அசிங்கம் என்றாளோ, அந்த வீட்டுக்காரிதான் குழந்தையை வாசலில் தடுத்தவள். தடுத்ததை மீறிக் கொண்டுபோய்க் கிடத்தியது, மூன்று முறை கழுவிய இந்தக் கைதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். சாஜிதா குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே மெல்லிய விசில் கேட்டது. பாசித்தின் நெஞ்சில் ஐந்து வருஷமாகக் கேட்கிற விசில்.

சாயங்காலம் கமருன்னிஸா பிளாஸ்க்கோடு வந்தாள்.

"லாத்தா, புள்ளய செத்த நேரம் வாங்கிக்கயேன்" என்று சாஜிதா ஷமீராவை நீட்டினாள்.

கமருன்னிஸா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாங்க" என்றாள். பையிலிருந்து நீலக் கோப்பையை எடுத்து டீ ஊற்றி, மூடி போட்டு ஸ்டூலில் வைத்தாள். "பரண்லேர்ந்து எடுத்துக் கழுவிட்டேன். எங்க வூட்டுல யாரும் வாய் வைக்கல. குடிங்க."

அவள் போனபிறகு சாஜிதா மூடியைத் திறந்தாள். டீயில் டெட்டால் வாடை அடித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.