பக்கத்தில் வரக்கூடாதவன்

உடுப்பிட்டியில் ஒரு பெண்ணுக்குத் தொடையில் வெட்டு, இரத்தம் நிற்கவில்லை என்று தகவல் வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்புலன்ஸ் அந்த ஒழுங்கை முகப்பில் நின்ற பிறகுதான் இடம் பிடிபட்டது. கோபிசங்கர் என்னை அடித்த வீடு அது.

அவனுடைய தகப்பன் மாரடைப்பில் கிடந்த அன்று, வண்டி நுழையாத ஒடுங்கிய ஒழுங்கையில் நாங்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. நாடி பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், அறைந்தான். இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. வழக்கு நடக்கிறது, என் பக்கத்தில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு பிணையில் நிற்கிறான். அம்புலன்ஸில் வருகிற எங்களை அடித்தால் இனித் தண்டனை பல மடங்கு என்று புதுச் சட்டம் வந்ததும் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சட்டம் கொழும்பில் இருக்கிறது. படலையைத் திறந்து உள்ளே போகிறவள் நானல்லவா?

"நான் முன்னுக்குப் போறன், தங்கச்சி," என்றார் சாரதி குகதாசன் அண்ணை. அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துதான் போனேன்.

முற்றத்தில் அவன் மனைவி சுபாஜினி கிடந்தாள். காற்றுக்குக் கழன்ற வேலித் தகரம் வெட்டியதாம். இரத்தம் விட்டுவிட்டுப் பாய்ந்தது. இரண்டு கையாலும் அமத்தினேன். அண்ணை ஸ்ட்ரெச்சர் எடுக்கத் திரும்பி ஓடினார். கட்டுப் போட வேண்டும், கையை எடுத்தால் பாய்கிறது.

"ஆராவது வந்து அமத்திப் பிடியுங்கோ."

சுற்றி நின்ற ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உங்களிலை கை பட்டால் புதுச் சட்டத்திலை பிணையும் இல்லையாம், மிஸ்," என்றார் ஒருவர். "எங்களை மாட்டி விடாதேங்கோ."

"விசரே உங்களுக்கு? அவ சாகப் போறா."

"நான் வரட்டோ, மிஸ்?"

வேலிக்கு வெளியேயிருந்து கோபிசங்கர் கேட்டான். எங்களைக் கண்டதும் வெளியே போயிருக்கிறான். "கிட்ட வந்தால் மறியலிலை போடுவமெண்டு சொன்னவங்கள். நீங்கள் கூப்பிட்டால் வாறன்."

வேண்டாம் என்றுதான் வாய்க்குள் வந்தது. சுபாஜினியின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது.

"வாங்கோ," என்றேன்.

அவன் குந்தியிருந்து கையை நீட்டியதும் என் தலை தானாக ஒதுங்கியது. அவன் அதைக் கண்டான். "எங்கை அமத்த?" என்று மெதுவாகக் கேட்டான். காட்டினேன். நான் கட்டை இறுக்கி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைத் தூக்கி வந்ததும் அவன்தான். ஏற்றி முடிந்ததும் கதவடியில் நின்றான். "நானும் ஏறட்டோ? தனியப் பயப்பிடுவாள்."

பருத்தித்துறை ஆஸ்பத்திரி வரை அடைத்த வண்டிக்குள் அவனும் நானுமா? அவன் உதவி செய்தான் என்று மனத்துக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. அவனை ஏற்றாமல் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு வெட்கப்பட்டேன்.

வண்டி ஓடத் தொடங்கச் சுபாஜினி கண் திறந்தாள்.

"அவர் ஏறேல்லையோ?"

"இல்லை. நான்தான் ஏத்தேல்லை," என்றேன். "குறை நினையாதேங்கோ. எனக்கு அவரிலை பயம்."

சாத்திய கதவை அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வெளியே கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், உந்தப் புதுச் சட்டம் மனிசியை அடிச்சாலும் உண்டோ?"