மூன்று படிக்கு ஒரு கைப்பிடி

ஒடிந்து விழுந்த கைப்பிடியை அர்செனியோ தொடக்கூட இல்லை. சமையலறைக்குப் பின்னால் குளியலறைக்கு இறங்கும் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிமெண்டில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த இரும்புத் தகட்டை மட்டும் பெருவிரலால் தடவினான். குழாய் நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தடம். சூடு ஏறியிருந்தால் உரிந்திருக்க வேண்டிய தகட்டின் கருந்தோல் அந்த வட்டத்துக்குள் அப்படியே இருந்தது.

"யாரு மச்சான் இதப் பத்த வச்சது?"

"தெரியாத மாதிரி கேக்குற."

"உன் வாயால சொல்லு."

"நான்தான்."

அவன் தங்கை எர்லிண்டா, என் மனைவி, இடுப்பெலும்பு உடைந்து இலோய்லோ நகர ஆஸ்பத்திரியில் கிடந்து அன்றோடு ஒன்பது நாள். ஈரப் படியில் வழுக்கிவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மழைக்காலம், யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் கப்பல்களுக்கு வெல்டிங் வேலை பார்த்தவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

நான் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்கு முன்பு சனிக்கிழமைகளில் மட்டும் இருந்த வெல்டிங் பைத்தியம், ஓய்வுக்குப் பின் விடிந்தது முதல் இருட்டும் வரை என்று ஆயிற்று. கொல்லைக் கொட்டகையில் துரு என்ற பேச்சே கிடையாது. வாரம் ஒருமுறை வெல்டிங் மெஷினைத் திறந்து தூசி ஊதுவேன். துளைபோடும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துணியால் போர்த்துவேன். வெல்டிங் ராடுகள் ஈரம் குடித்துவிடக் கூடாதே என்று, கெட்டுப்போன எங்கள் பழைய ஃப்ரிட்ஜுக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு அதில் அடுக்கி வைத்திருந்தேன். எர்லிண்டா போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்த நாட்களிலும் அந்தப் பல்பு எரிகிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தவன் நான். இப்போது நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

முழங்கால் வலி வந்தபோதுதான் அவள் கைப்பிடி கேட்டாள். அர்செனியோ, "அரை மணி நேர வேலை, நான் வந்து போட்டுத் தரேன்" என்றான். "என் வீட்டுக்கு உன் கை எதுக்கு?" என்று மறுத்துவிட்டேன். அந்த அரை மணி வேலைக்கு எனக்கு ஆறு வாரம் பிடித்தது. மெல்லிய குழாய், தடித்த தகடு. கரண்டைக் கூட்டினால் குழாய் பொத்துக்கொண்டு போயிற்று. குறைத்தேன். பொத்தல் விழவில்லை, ஆனால் பற்றவைத்தது மேடும் பள்ளமுமாக உட்கார்ந்தது. கோழி எச்சம் என்று அர்செனியோ சிரிப்பானே! அந்தச் சிரிப்புக்குப் பயந்து கிரைண்டரை எடுத்து, மேடு எல்லாம் போய் விரலுக்கு மூட்டே தட்டுப்படாத அளவுக்கு வழவழவென்று தேய்த்தேன். மேலே வெள்ளி நிறப் பெயின்ட். தெருவே வந்து தடவிப் பார்த்து மெச்சிவிட்டுப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கரண்ட் பத்தல, தகட்டுல கடிக்கவே இல்ல," என்றான் அர்செனியோ. "மேல குமிஞ்சிருந்ததுதான் கொஞ்ச நஞ்சம் புடிச்சிட்டிருந்துச்சு. அழகு பாக்குறேன்னு அதையும் சீவி எடுத்துட்டே. கோழி எச்சமாவே விட்டிருந்தா என் தங்கச்சி நடமாடிட்டு இருப்பா."

அவன் எழுந்து என் பக்கம் திரும்பினான்.

"வழுக்கி விழுந்ததா அவகிட்டயும் சொன்னியா?"

"அவளே அப்படித்தான் சொன்னா."

"நாளைக்குள்ள நீ சொல்லு. இல்லேன்னா நான் சொல்வேன்."

மறுநாள் காலை இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எர்லிண்டா பாதிக் கஞ்சி குடிக்கும்வரை காத்திருந்தேன். கரண்ட், தகடு, கிரைண்டர் என்று பதிவேட்டில் எழுதுவது போல ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். திட்டுவாள், அழுவாள், அந்தக் கிண்ணத்தை என் முகத்தில் எறிவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மாட்டுன அன்னிக்கே ஆடுச்சு, ருஃபினோ."

"ஆடுச்சா? ஏன் சொல்லல?"

"சொன்னா? கழட்டிட்டுப் போய் இன்னொரு ஆறு வாரம் அந்தக் கொட்டாய்லயே கிடப்பே. சோத்துக்குக் கூப்பிட்டாலும் காதுல விழாது. ஆடினா ஆடட்டும், பாத்துப் புடிச்சுக்கலாம்னு இருந்துட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். எர்லிண்டா கரண்டியை எடுத்து மீதிக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவனுக்கு எதற்கென்று கேட்பது எனத் தெரியவில்லை. அவள் விழுந்ததற்கு மட்டும் என்றால் நாக்கு எப்படியாவது புரண்டிருக்கும்.

அர்செனியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து புதுக் கைப்பிடி போட்டான். சொன்னபடி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவன் தேய்க்கவும் இல்லை, பெயின்ட் அடிக்கவும் இல்லை. மூட்டைச் சுற்றிலும் மீன் செதில் மாதிரி வரிவரியாக நின்றது. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

டிசம்பர் தொடக்கத்தில்தான், வீடு திரும்பியிருந்த அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாகப் பின்பக்கம் வந்தாள். நான் முந்திக்கொண்டு இரண்டு படி இறங்கி நின்று கையை நீட்டினேன்.

"பிடிச்சுக்கோ. விடமாட்டேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். நடைவண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பற்றினாள். ஒருமுறை உலுக்கினாள். இன்னும் பலமாக இன்னொருமுறை. பிறகு உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து, என் விரல்களில் அவள் சட்டைகூட உரசாதபடி ஒதுங்கி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.